ஆழ்புகை அடிநாதம்

மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு, கடற்கரைச் சாலையின் தென்கோடியில் உள்ள பன்னிரண்டு மேசை உணவகத்தில், பெரிய பானையில் இருந்த மீன்சாறு அடிப்பிடித்தது. அப்போது அடுப்படியில் வட்டாரச் சுவைப் பாதுகாப்பு வாரியத்தின் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

உணவகத்தை நடத்தியவர் முன்னாள் லாரி ஓட்டுநர். லாரியை விற்றுப் பல வருடங்கள் ஆகியும் ஊர் அவரை லாரிக்காரர் என்றே அழைத்தது. சமைப்பது மனைவி. பரிமாறுவதும், மேசை துடைப்பதும், வாடிக்கையாளர்கள் தங்கள் மருமகன்களைப் பற்றிச் சொல்லும் புகார்களுக்கு "அப்படியா!" போடுவதும் அவர் பொறுப்பு. சீருடையில் யாரைக் கண்டாலும் அவருடைய வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் ஓட்டுநர் உரிமத்தைத் தேடும். சோதனைச் சாவடிகள் கொடுத்த பழக்கம் அது. உரிமம் காலாவதியானது கைக்கு மட்டும் தெரியவில்லை.

உணவு என்று பார்த்தால் அங்கே ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குப் படகில் என்ன வந்ததோ அந்த மீன். அதோடு கிழங்கு, வெங்காயம், பூண்டு, மிளகு. கெட்டியாகக் கொதித்த சாறு, தொட்டுக்கொள்ளத் தடித்த ரொட்டி. ஒரு கிண்ணம் சாப்பிட்டால் மாலைவரை வயிறு வேறு பேச்சு பேசாது. மனைவி பானையைவிட்டு நகரமாட்டாள். கிழங்கு கரைந்த சாறு அப்படிப்பட்டது. மரத்துடுப்பால் அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை பக்கத்துக் கடையில் தீப்பிடித்து ஊரே வாளியோடு ஓடியபோதும் அவள் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. "அங்க அணைக்க நிறைய பேர் இருக்காங்க. இங்க கிளற நான் ஒருத்திதான்" என்றாள்.

இப்படி இருந்தவர்களை வாரியத்தின் வாசலுக்கு அனுப்பியது நகராட்சி. கடற்கரையை அழகுபடுத்தப் போவதாகவும், கடலைப் பார்த்து அமைந்துள்ள உணவகங்கள் அனைத்தும் இடிக்கப்படும் என்றும், வட்டாரச் சுவைப் பாதுகாப்பு வாரியத்தின் சான்றிதழ் பெற்றவை மட்டும் நிற்கலாம் என்றும் சுவர்தோறும் அறிவிப்பு ஒட்டினார்கள். அறிவிப்பை ஒட்டியவர் பசியோடு உள்ளே வந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, "பாவம், நல்ல கடை" என்று சொல்லிப் போனார்.

"நாக்குக்கு எதுக்குங்க சான்றிதழ்?" என்று மனைவி கேட்டாள்.

"நாக்குக்கு இல்லம்மா. கூரைக்கு."

லாரிக்காரர் விண்ணப்பித்தார்.

வாரியம் தலைநகரில் இருக்கிறது. வட்டாரச் சுவைகள் அழிந்துவருகின்றன என்ற கவலையில் ஒரு மாடியில் தொடங்கப்பட்டது. கவலை வளர வளர மாடிகளும் வளர்ந்து, இப்போது நான்கு மாடிகளில் கவலைப்படுகிறார்கள். அங்கிருந்து இயக்குநரும் நான்கு சுவை நிபுணர்களும் ஒரு புகைப்படக்காரரும் சீருடை அணிந்த ஓர் ஆய்வாளரும் புறப்பட்டு, சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள்.

வாரியத்தின் நடைமுறைப்படி, சுவைப்பதற்கு முன் இயக்குநர் தொடக்கவுரை ஆற்ற வேண்டும். அதைச் சமைப்பவர் நேரில் நின்று கேட்க வேண்டும். மனைவி துடுப்போடு நின்றாள். துடுப்பின் நிழல் இயக்குநரின் நெற்றியில் விழுவதாகப் புகைப்படக்காரர் சொன்னார். ஆய்வாளர் அவள் கையிலிருந்து துடுப்பை மெதுவாக வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்து, அவளை அடுப்பிலிருந்து நான்கடி தள்ளி, கையைக் கட்டி நிறுத்தினார்.

"நண்பர்களே!" என்று இயக்குநர் தொடங்கினார். "இந்தக் கடற்கரைக்கு நான் வருவது இதுவே முதல்முறை. ஆனால் இதன் சுவையை முப்பது ஆண்டுகளாக அறிவேன். எப்படி? ஆவணங்களின் வழியாக! சுவை நாக்கில் இருக்கிறது என்பது ஒரு மூடநம்பிக்கை. நாக்கு தேயும், நாக்கு மாறும், நாக்கு ஒருநாள் ஓய்வுபெறும். கோப்புக்கு ஓய்வு கிடையாது. ஒரு சுவையை மக்களிடம் விட்டுவைத்தால் என்ன ஆகும்? சாப்பிட்டுத் தீர்த்துவிடுவார்கள்!"

நிபுணர்கள் கைதட்டினார்கள். பானை முதல் குமிழியை விட்டது. மனைவி அரை அடி நகர்ந்தாள்.

"அம்மா, உரை முடியட்டும்" என்றார் ஆய்வாளர், காதோரமாக.

"கிளறணும் சார். அடியில ஒட்டிக்கும்."

"இயக்குநர் இன்னும் இரண்டாம் பகுதிக்கே வரலம்மா."

அவள் கணவனைப் பார்த்தாள். லாரிக்காரர் துடுப்பைப் பார்த்தார். துடுப்புக்கும் அவருக்கும் நடுவில் சீருடை நின்றது. கை சட்டைப்பைக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டாம் பகுதி வாரியத்தின் வரலாறு. மூன்றாம் பகுதி இயக்குநரின் வரலாறு. அது பாதி நடந்தபோது புகை எழுந்தது. இயக்குநர் பேச்சை நிறுத்தி, கண்ணை மூடி, மூக்கை உயர்த்தினார்.

"இதோ!" என்றார். "இந்த மணம்!"

முன்கட்டு மேசையில் ஏழு கிண்ணங்களில் பரிமாறப்பட்டது. முதல் நிபுணர் ஒரு கரண்டி வாயில் வைத்ததும் முகம் கோணியது; இயக்குநர் கண்மூடி இருப்பதைக் கண்டு தானும் கண்ணை மூடிக்கொண்டார். மற்ற மூவரும் முன்யோசனையோடு கண்ணை மூடிக்கொண்டே கரண்டியை எடுத்தார்கள்.

"மண்ணின் ஆழம்" என்றார் ஒருவர்.

"கடலோரத்து உழைப்பாளியின் கோபம்" என்றார் இன்னொருவர்.

"ஆழ்புகை அடிநாதம்" என்றார் மூன்றாமவர். அவருக்கு அந்த ஆண்டே பதவி உயர்வு கிடைத்தது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சார், இது கருகிப்போச்சு. கொட்டிட்டுப் புதுசா வைக்கறேன். கொஞ்ச நேரம் இருந்தீங்கன்னா..."

"பார்த்தீர்களா?" என்று இயக்குநர் நிபுணர்களிடம் திரும்பினார். "தன் படைப்பைத் தானே பழிக்கும் இந்த அடக்கம்! இதையும் குறித்துக்கொள்ளுங்கள். வட்டாரப் பண்பு."

மூலை மேசையில் ஓய்வுபெற்ற தபால்காரர் இருந்தார். வேலையில் இருந்த காலத்தில் ஊர் முழுக்கக் கடிதம் கொடுத்துவிட்டுக் கடைசியாக இங்கே வந்து சாப்பிட்டவர். கடிதங்கள் நின்றபிறகும் சாப்பாட்டை நிறுத்தாதவர். அவர் எழுந்தார்.

"சார், நான் இங்க தினமும் சாப்பிடறவன். சத்தியமா இது வழக்கமா இப்படி இருக்காது."

"தினமும் சாப்பிடுகிறவர் சாட்சி ஆக முடியாது" என்றார் இயக்குநர் கனிவோடு. "பழக்கம் வந்துவிட்டால் நடுநிலை போய்விடும். எங்கள் நிபுணர்கள் ஓர் உணவை வாழ்நாளில் ஒருமுறைக்கு மேல் சாப்பிடுவதில்லை."

அன்றைய சாறு கண்ணாடிக் குப்பிகளில் அடைக்கப்பட்டு அரக்கு முத்திரையோடு தலைநகருக்குப் போனது. அதுவே மூலச் சுவை. அதிலிருந்து விலகும் எதுவும் கலப்படம். சான்றிதழ் தங்க விளிம்புச் சட்டத்தில் வந்தது. நகராட்சி ஆட்கள் வரிசையாக இடித்துக்கொண்டே வந்து, சட்டத்தைப் பார்த்ததும் கும்பிடு போட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். லாரிக்காரர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாளே மனைவி வழக்கம்போல் அடி தொட்டுக் கிளறி, வழக்கம்போல் சாறு வைத்தாள். மதியம் ஆய்வாளர் வந்தார். அந்தக் கடற்கரைக்கே அவரை நிரந்தரமாக நியமித்துவிட்டார்களாம். ஒரு கிண்ணம் சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். மூன்றாவதை ரொட்டியால் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, பேனாவை எடுத்தார்.

"என்ன சார், பிடிக்கலையா?" என்றார் லாரிக்காரர்.

"ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை."

"நல்லா இருக்கறது பிரச்சினையா?"

"குப்பியில இருக்கறது இப்படி இல்லையேங்க. இன்னொரு தடவை இதே மாதிரி நல்லா இருந்துச்சுன்னா சான்றிதழ் போயிடும். சான்றிதழ் போனா..." அவர் கையை மேலே காட்டினார். கூரையை.

லாரிக்காரர் அடுப்படிக்குப் போய்ச் செய்தியைச் சொன்னார். மனைவி கிளறிக்கொண்டே கேட்டாள்.

"இவ்வளவு வருஷமா கருகாம வைக்கறதுக்குத்தான் கஷ்டப்பட்டேன். இப்ப கருக வைக்கக் கஷ்டப்படணுமா?"

"கருக வைக்கறது என்ன கஷ்டம்மா? சும்மா நின்னா போதும்."

"நீங்க நின்னு பாருங்க."

அவர் நின்று பார்த்தார். பானை கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு, துடுப்பைத் தொடாமல், ஒரு மனிதன் சும்மா நிற்பது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. பாதியில் கையை நீட்டிவிட்டார். அன்றைய சாறு அரைக்கருகல். ஆய்வாளர் அதையும் ஏற்கவில்லை. மறுநாள் முழுக்கருகல், அதையும் ஏற்கவில்லை. "இது மூலச் சுவையைத் தாண்டிப் போயிடுச்சு" என்றார்.

வாரியத்தின் ஆராய்ச்சிப் பிரிவு இரண்டு மாதம் உழைத்துக் காரணத்தைக் கண்டறிந்தது. மூலச் சுவை உருவானபோது பானை கிளறப்படாமல் இருந்த நேரம், இயக்குநரின் உரை நீண்ட நேரம். ஆகவே அந்த உரையே செய்முறையின் முக்கியமான சேர்மானம். உப்பைப்போல அதையும் அளவு தவறாமல் சேர்க்க வேண்டும்.

அடுப்புக்கு மேலே ஒலிபெருக்கி மாட்டப்பட்டது. தினமும் முற்பகலில், பதிவுசெய்யப்பட்ட அந்த உரை ஒலித்தது. "நண்பர்களே!" என்ற சொல் கேட்டதும் மனைவி துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான்கடி தள்ளிக் கை கட்டி நிற்க வேண்டும். இயக்குநரின் வரலாற்றில் அவர் வெளிநாடு போகும் இடத்தில் புகை எழும். கடைசிக் கைதட்டல் ஒலிக்கும்போது அடுப்பை அணைக்கலாம். ஆய்வாளர் சுவைத்துப் பார்த்து முத்திரை குத்தினார். குப்பிக்கும் கிண்ணத்துக்கும் மயிரிழை வேறுபாடு இல்லை என்று தலைநகரம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

சுற்றுலாப் பயணிகள் பேருந்து பேருந்தாக வந்தார்கள். சான்றிதழுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "உண்மையான சுவைன்னா இப்படித்தான் இருக்கும் போல" என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். மீதியைக் கடற்காகங்கள்கூடத் தொடவில்லை.

பழைய வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்து, முகர்ந்து, எழுந்து போனார்கள். தபால்காரர் மட்டும் ஒருநாள் நேராக அடுப்படிக்கே வந்துவிட்டார்.

"என்னக்கா இது? வீட்டுல மருமகள் சமையல். அதுக்குப் பயந்து இங்க வந்தா, இங்க அரசாங்கச் சமையல். மனுஷன் எங்கதான் போறது?"

"எனக்கு மட்டும் என்னண்ணே?" என்றாள் மனைவி. "நான் வச்சதை நானே ருசி பார்த்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? பகல்ல பசிச்சா வெறும் ரொட்டி திங்கறேன்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். அப்புறம் நீங்களும் உங்க ஒலிபெருக்கியும் கடையைப் பார்த்துக்கங்க."

லாரிக்காரர் பயந்துபோனார். கடை போனால் கூரை போகும். இவள் போனால் கடையே எதற்கு? அன்று மாலை ஆய்வாளர் தனியாக இருந்தபோது, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், நாங்க வீட்டு ஆளுங்க சாப்பிடறதுக்குத் தனியா ஒரு சின்னப் பானை வச்சுக்கலாமா? அதுக்கும் பேச்சு கேட்கணுமா?"

ஆய்வாளர் விதிகளைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "பணியாளர் உணவு வாரியத்தோட வரம்புல வராது. அது எப்படி இருந்தாலும் வாரியத்துக்கு அக்கறை இல்லை." சற்றே குரலைத் தாழ்த்தினார். "நல்லா இருந்தாலும்."

மறுநாள் தபால்காரர் உதவிப் பாத்திரம் கழுவுபவராகச் சேர்ந்தார். அதற்கடுத்த நாள் மீன் ஏலக்காரர் மேசை துடைப்பவரானார். வங்கி மேலாளர் வெங்காயம் உரிப்பவர். பல் மருத்துவர் தண்ணீர் ஊற்றுபவர். வேலையைச் செய்தாக வேண்டும் என்பதில் மனைவி கண்டிப்பாக இருந்தாள். செய்யாதவருக்குக் கிண்ணம் இல்லை. பின்கட்டில் சின்னப் பானை பெரிய பானையானது. முன்கட்டில் ஒலிபெருக்கி "நண்பர்களே!" என்று தொடங்கும்போது, அவள் பின்கதவு வழியாகக் கைநீட்டி அங்கே கிளறிக்கொண்டே இங்கே கருகுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆய்வாளரும் பின்கட்டில் வந்து உட்கார்ந்தார். தம்மைத் தாமே மேற்பார்வையிடும் பணியாளராகப் பதிவுசெய்துகொண்டதாகச் சொன்னார். லாரிக்காரர் வந்து பார்த்தபோது அவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மேசை உணவகத்தில் ஐம்பத்து மூன்று பணியாளர்கள் இருக்கும் செய்தி தலைநகரை எட்டியது. ஒரு பாரம்பரிய உணவு இத்தனை பேருக்கு வேலை கொடுக்கிறதே என்று வாரியம் மகிழ்ந்துபோய், நேரில் வந்து விருது வழங்கத் தீர்மானித்தது. இயக்குநர் துறை அமைச்சரையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

அமைச்சர் காலையிலிருந்து நான்கு திறப்பு விழாக்களை முடித்துவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். ஒலிபெருக்கியில் இயக்குநரின் உரையும், நேரில் இயக்குநரின் புதிய உரையும் முடியும்வரை பொறுமையாக இருந்தார். கிண்ணம் வந்தது. ஒரு வாய் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மூக்கை வேறு பக்கம் திருப்பினார். அது பின்கதவின் பக்கம்.

"அங்க என்ன வாசனை?"

"பணியாளர் உணவு, ஐயா" என்றார் இயக்குநர். "அதற்கு முக்கியத்துவம் இல்லை."

அமைச்சர் எழுந்து பின்கட்டுக்குப் போனார்; இயக்குநரும் பின்னாலேயே போனார். வங்கி மேலாளர் வெங்காயக் கத்தியோடு எழுந்து நின்றார். மனைவி ஒரு கிண்ணம் நிரப்பிக் கொடுத்தாள். அமைச்சர் நின்றபடியே சாப்பிட்டார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

"இதை ஏம்மா முன்னாடி குடுக்கறதில்லை?"

எல்லாரும் லாரிக்காரரைப் பார்த்தார்கள். அவருடைய கை சட்டைப்பைக்குப் போனது. அங்கே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. கையை வெளியே எடுத்தார்.

"ஐயா, குப்பியில இருக்கறது கருகின சாறு. அன்னிக்கு இவரு பேசிட்டே இருந்தாரு. இவளைக் கிளற விடல. அடிப்பிடிச்சுப் போச்சு. அவ்வளவுதான். அதைத்தான் வருஷம் பூரா தினமும் கருக்கிக்கிட்டு இருக்கோம்."

தண்ணீர் ஊற்றும் பல் மருத்துவர் மட்டும் மெதுவாக இருமினார். இயக்குநர் பதறவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, இதை நான் எதிர்பார்த்தேன். எந்தப் பாரம்பரியத்துக்கும் முதல் ஆபத்து அதைச் செய்கிறவர்களிடமிருந்தே வருகிறது. வாரியம் தவறு செய்திருந்தால் நான்கு நிபுணர்கள் தவறு செய்திருக்க வேண்டும். ஆராய்ச்சிப் பிரிவு தவறு செய்திருக்க வேண்டும். சாப்பிட்ட இத்தனை ஆயிரம் சுற்றுலாப் பயணிகள் தவறு செய்திருக்க வேண்டும். ஆனால் இந்த அம்மாள் ஒருவர் தவறு செய்திருந்தால், ஒருவர்தான். எது சிக்கனம் என்று ஐயாவே சொல்ல வேண்டும்."

அமைச்சர் கிண்ணத்தின் அடியை ரொட்டியால் துடைத்தார். நீண்ட நேரம் மென்றார்.

"பாருங்கம்மா" என்றார் கடைசியில். "உங்க சாறு அருமை. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாக்கு என்னோடது, கையெழுத்து பதவியோடது. நாக்கை வச்சுக் கையெழுத்துப் போட முடியாதில்ல?"

அவர் இன்னொரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உத்தரவின்படி, மூலச் சுவையில் நம்பிக்கையற்றவர் என்று கண்டறியப்பட்ட மனைவி, கடலைப் பார்த்து அமைந்த எந்தக் கட்டடத்திலும் மீன்சாறு சமைக்கக் கூடாது. உணவகத்தை, ஒலிபெருக்கி உட்பட, வாரியம் ஏற்று நடத்தும்.

அன்று கடையைப் பூட்டும்போது லாரிக்காரர் மனைவியின் முகத்தைப் பார்க்க அஞ்சினார்.

"கூரை போச்சும்மா."

"போகட்டும்" என்றாள். துடுப்பைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாயைத் திறந்தீங்களே. அதுவே லேட்டுதான். சரி, அந்தப் பக்கம் பிடிங்க, பானை கனமா இருக்கு."

உணவகத்தில் இப்போது வாரியம் பயிற்சியளித்த சமையல்காரர் இருக்கிறார். அவருக்குக் கிளறத் தெரியாது, தேவையும் இல்லை. ஆண்டின் சிறந்த வட்டாரச் சுவைக்கான பரிசு தொடர்ந்து இரண்டு முறை அந்த உணவகத்துக்குக் கிடைத்திருக்கிறது. மனைவி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஐந்து மேசை போட்டுச் சமைக்கிறாள். லாரிக்காரர் பரிமாறுகிறார். ஆய்வாளர் வியாழக்கிழமைகளில் சீருடை இல்லாமல் வருகிறார். அங்கிருந்து கடல் தெரியாது. மதியம் ஒன்றரைக்கு மேல் போனால் சாறு கிடைக்காது.